பெரியம்மாவின் ரேந்தை விரிப்பு: வெளுக்கப் போய் ஓட்டை போட்ட கதை

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பெரியம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். உள்ளே பழைய வேட்டியில் சுருட்டிய ஒரு மேசை விரிப்பு. "பேத்திக்கு பிப்ரவரியில நிச்சயம் வச்சிருக்கு. அன்னைக்கு மேசையில இதத்தான் விரிக்கணும். நீதான் இந்தப் பாபின் வேலையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே, பாத்துக்க மக்கா" என்றார். காப்பி குடித்தார், போய்விட்டார்.

விரித்துப் பார்த்தேன். 90 செ.மீ. சதுர லினன் துணி. நாலு பக்கமும் 5 செ.மீ. அகலத்தில் கையால் பின்னிய லினன் ரேந்தை. என் பாட்டி, அதாவது பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் பின்னியது. இப்போது எல்லாரும் லேஸ் என்கிறோம்; பாட்டி வாயில் ரேந்தைதான். போர்ச்சுகீசியரின் 'ரெண்டா' நம் வாயில் அப்படி ஆயிற்று.

நாகர்கோவில் பக்கம் இந்த வேலை வந்த கதை ஊரில் பலருக்கும் தெரியும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்: கெட்டியான தலையணையில் ஊசி குத்தி, பாபின் என்கிற சின்னக் குச்சிகளில் சுற்றிய நூலை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அடிமைகளாக இருந்த சில பெண்கள் இந்தப் பின்னல் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அரச அறிவிப்பு 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் நடந்தது இது. ரேந்தையை 'மேல்நாட்டு அலங்காரம்' என்று யாராவது தட்டிக் கழித்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

விரிப்பின் நிலைமை: ஒரு மூலையில் எட்டு விசிறி (ரேந்தையின் ஓரத்தில் விசிறி வடிவில் வரிசையாக வரும் வளைவுகள்) அளவுக்கு ரேந்தை இல்லவே இல்லை. ஓரம் அரித்த மாதிரி இருந்ததால் ராமபாணப் பூச்சியின் கைவரிசை என்று ஊகித்தேன். கஞ்சி போட்டபடியே மடித்து அலமாரியில் வைத்த துணி அதற்கு விருந்து. மூன்று துருக்கறைகள், எப்போதோ குண்டூசி குத்தி வைத்த இடங்கள்: துணியில் இரண்டு, ரேந்தையில் ஒன்று. நடுவில் தண்ணீர் பட்டுக் காய்ந்த ஒரு பழுப்பு வளையம். மொத்தத்துக்கும் பழைய புத்தகத் தாளின் மஞ்சள் நிறம். ஒரு மூலையில் சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகப் பாட்டி பெயரின் முதல் எழுத்து.

நனைப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்பைச் சோதிக்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து அந்த எழுத்தின் மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்தேன். நிறம் ஒட்டவில்லை. சோப்புத் தண்ணீரிலும் அதையே செய்தேன்; அப்போதும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அந்த மூலையைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மற்றதை அலசியிருக்க வேண்டும்.

அடுத்தது தூசி. தூசியோடு நனைத்தால் அது சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மிகக் குறைந்த இழுப்பில் வைத்து, துணியைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் மெதுவாக நகர்த்தினேன். வலை இல்லாவிட்டால் ரேந்தையின் ஓரம் குழாய்க்குள் போய்விடும். ஒருமுறை ஒரு கைக்குட்டை ஓரத்தை அப்படி இழந்திருக்கிறேன்.

லினன் நூல் ஈரத்தில் உலர்ந்த நிலையைவிட வலுவாகும். ஆளிச்செடித் தண்டின் நாருக்கு அப்படி ஒரு குணம். அந்தத் தைரியத்தில் பழைய ரேந்தையை வாளியிலிருந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் போச்சு. வயதான நாரில் அந்த வலு பாதிகூட மிச்சம் இருக்காது. அதுவும் குடித்த தண்ணீரின் கனம் முழுக்க ஒரே இடத்தில் தொங்கும். அதனால் விரிப்பை இரண்டு கொசுவலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சுற்றிலும் பெரிய பெரிய தையலாக ஓட்டிவிட்டேன். இனி தூக்குவது, திருப்புவது எல்லாம் வலையைப் பிடித்துத்தான்.

குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஆர்.ஓ. தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு உண்டு. பக்கெட்டின் அடியில் செம்மண் நிறத்தில் படிவதை தினமும் பார்க்கிறேன். அந்தத் தண்ணீர் லினனுக்கு ஆகாது. சோப்பு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விட்டேன். வலையைத் தூக்கியபோது டப்பில் இருந்தது கட்டங்காப்பி நிறம். அழுக்கு என்று நினைக்கத் தோன்றும்; அதில் பெரும்பகுதி நார் தானே சிதைந்து உண்டான பழுப்புப் பொருள், புளிப்புத் தன்மை உள்ளது. வெறும் தண்ணீரிலேயே கரையும். அது உள்ளே இருக்க இருக்க நார் மேலும் சிதையும். நாலு தடவை மாற்றினேன். நாலாவது தண்ணீர் வெளிர் மஞ்சள். பழுப்பு வளையம் பாதியாகிவிட்டது. விரிப்பின் மஞ்சளில் பெரும்பங்கு இங்கேயே போய்விட்டது. இன்னும் ஒரு சொட்டு சோப்புகூடப் போடவில்லை.

பிறகு சோப்பு. வாசனையோ 'வெண்மையைக் கூட்டும்' சமாசாரமோ இல்லாத திரவ சோப்பு, நாலு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. வெண்மைக் கூட்டிகள் ஒளியில் நீலமாக மினுங்கும் ஒரு பொருளை நூலில் ஏற்றுகின்றன. பழைய லினனின் பால் நிறத்தின் மேல் அது டியூப்லைட் வெளிச்சம் போல உட்காரும். தேய்க்கவில்லை. ஸ்பாஞ்சை வைத்து அழுத்தி எடுப்பது, அழுத்தி எடுப்பது, அவ்வளவே. பூந்திக்கொட்டை பட்டுக்கு நல்லது. வெள்ளை லினனில் லேசான பழுப்பை விட்டுவிட்டுப் போகும் என்பதால் தொடவில்லை. அலசியது ஏழு தடவை. சோப்பு மிச்சமிருந்தால் இஸ்திரிச் சூட்டில் அதுவே மஞ்சளாகும்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஈரத்தோடு விரிப்பு அழகாக இருந்தது. ஆனால் மூன்று துருக்கறைகள் இப்போது சுற்றிலும் வெளிறியதால் இன்னும் கொடூரமாகத் தெரிந்தன. வீட்டில் ஆக்சிஜன் பிளீச் பொடி இருந்தது, சோடியம் பெர்கார்பனேட். குளோரின் பிளீச் லினனை அரித்துவிடும் என்பதால் அதை நான் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை. இந்தப் பொடி சாது என்று ஒரு நம்பிக்கை. பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, முதலில் ஒன்றில் பார்ப்போம் என்று ரேந்தையில் இருந்த கறையின் மேல் மட்டும் வைத்தேன்.

குழைவு எல்லா இடத்திலும் அமைதியாகக் கிடக்க, கறையின் மேல் மட்டும் நுரை பொங்கியது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்: பார், கறையைத் தேடிப் போய் வேலை செய்கிறது! ஒரு மணி நேரம் கழித்து அலசியபோது கறை இல்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில் பிடித்தபோது கறை இருந்த இடமும் இல்லை. மிளகு அளவுக்கு ஓட்டை.

நுரை பொங்கியதற்குக் காரணம் இரும்பு. அந்தப் பொடி தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். இரும்பு பக்கத்தில் இருந்தால் பெராக்சைடு நிதானமாக வெளுக்காமல் வெறிகொண்டு உடையும். அந்த இடத்து நாரைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் துணி ஏற்கெனவே பலவீனம், அங்கேயேதான் இந்தத் தாக்குதலும். துருவை எடுக்காமல் ஆக்சிஜன் பிளீச் கிட்டவே போகக்கூடாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்குக் கையில் பொடி இருந்தது, அவ்வளவே.

பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "ஏன் மக்கா, வெளுத்தியா, வேக வச்சியா?" என்றார். அதற்குப் பிறகு, "அம்மா துருவுக்குப் பிலிம்பிக்காய்தான் வைப்பா. கேட்டியா, எலுமிச்சை எல்லாம் வேண்டாம். எங்க வீட்டு மரத்துல நிறைய கெடக்கு, வந்து பறிச்சிட்டுப் போ."

புளிச்சக்காய், இரும்பன்புளி என்று வேறு பெயர்களும் உண்டு. மீன் குழம்பில் போடுவதுதான். அதில் ஆக்சாலிக் அமிலம் ஏராளம். துருவைக் கரைத்துத் தண்ணீரோடு போகிற வடிவத்துக்கு மாற்றுவது அந்த அமிலம்தான். கடையில் துருக்கறைக்கு என்று விற்கும் பொடிகள் பலவற்றில் இருப்பதும் அதுவே. ஆறு காய்களை இடித்து, சாற்றை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். முதலில் பழைய லினன் துண்டு ஒன்றில் சோதனை. சாறு நிறத்தை விடவில்லை. பிறகு துணியில் இருந்த இரண்டு கறைகளுக்கும் ஒவ்வொரு சொட்டாக, அடியில் மடித்த வெள்ளைத் துண்டு வைத்து. இருபது நிமிடத்தில் ஒன்று போயே போய்விட்டது. மற்றது வெளிர் தேன் நிறத்துக்கு வந்து அதற்கு மேல் அசையவில்லை. இன்னொரு சொட்டு விடக் கை நீண்டது, மடக்கிக்கொண்டேன். அமிலமும் லினனுக்கு நண்பன் இல்லை, தண்ணீர் காயக் காய அது செறிந்து நாரை மொறுமொறு ஆக்கிவிடும். ஆறு தடவை அலசி எடுத்தேன். அந்தத் தேன் நிறப் புள்ளி இன்றும் இருக்கிறது.

இந்த ஓட்டைக்குப் பிறகு முடிவு செய்தேன்: இதை வெள்ளை ஆக்கப் போவதில்லை. பழையது எந்த நிறத்தில் நின்றதோ அந்த நிறத்துக்குப் புதுசைக் கொண்டுவருவேன்.

இனி காணாமல் போன மூலை. பாட்டி பின்னியது டார்ஷன் வகை. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு அடுப்படித் துடைப்புத் துணி என்று பொருள். ரேந்தைகளிலேயே ஏழைக்கு ஏற்றது, முரடு, உழைக்கிறது. சாய்சதுரக் கட்டம், நடுவில் கால் பரப்பிய சிலந்தி மாதிரி ஒரு பின்னல், அதன் பெயரே சிலந்தி, ஓரத்தில் விசிறி. மூலையில் திருப்பிப் பின்னாமல் நேராகவே பின்னிச் சுருக்குப் பிடித்துத் திருப்பியிருந்தார் பாட்டி. நல்லவேளை.

நூலின் தடிமனைக் கண்ணால் ஒப்பிடவே கூடாது. ஸ்கேலின் மேல் ஒரு செ.மீ. அகலத்துக்கு நூலை இடைவெளி இல்லாமல், இழுக்காமல் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். அரிபட்ட ஓரத்திலிருந்து கிடைத்த பழைய நூலைச் சுற்றி எண்ணினேன், பிறகு என்னிடம் இருந்தவற்றை. 60/2 ஒத்து வந்தது. லினன் கணக்கில் 60 என்றால் ஒரு பவுண்டு எடையில் 60 முந்நூறு கெஜங்கள், அதாவது 18,000 கெஜம் ஒற்றை இழை. இரண்டு இழை முறுக்கியதால் பவுண்டுக்கு 9,000 கெஜம். பருத்தி நூலின் எண்ணோடு இதை ஒப்பிட்டுக் குழம்பி நான் ஒருமுறை வேறு நூல் வாங்கியிருக்கிறேன்.

மாதிரி வரைவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய ரேந்தையில் ஒரு விசிறி 2.9 செ.மீ. அதே அளவில் ஊசிக்குத்து வரைபடம், அதாவது தலையணையில் எங்கெங்கே ஊசி குத்த வேண்டும் என்று காட்டும் தாள், போட்டால் தப்பு. பாட்டியின் ரேந்தை எத்தனையோ தடவை நனைந்து சுருங்கி முடித்தது. என் நூல் இன்னும் சுருங்கவே ஆரம்பிக்கவில்லை. மூன்று விசிறி மட்டும் 3 செ.மீ. அளவில் பின்னி, எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துக் காயவிட்டு அளந்தேன். 9 செ.மீ. இருந்தது 8.75 ஆகியிருந்தது. சரியாக விழுந்தது. அந்த மூன்று விசிறித் துண்டை எறியவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் வேலை வைத்திருந்தேன்.

பின்னியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 17 ஜோடி பாபின், பன்னிரண்டு விசிறி, பதினோரு சாயங்காலங்கள். வேண்டியது எட்டு விசிறி. இரண்டு பக்கமும் பழையதன் மேல் ஏற்றித் தைக்க இரண்டிரண்டு கூடுதல். முதல் நாள் மின்விசிறிக் காற்றில் நூல் இரண்டு தடவை அறுந்தது. லினனுக்கு வறண்ட காற்று பிடிக்காது. பெல்ஜியத்துப் பெண்கள் மெல்லிய லினன் நூலை ஈரமான நிலவறையில் உட்கார்ந்து பின்னினார்கள் என்று சொல்வார்கள். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாபின்களின் மேல் பிழிந்த ஈரத்துணியைப் போட்டு வைத்தேன். குண்டூசி எல்லாம் பித்தளை. கடற்காற்று உள்ள ஊரில் இரும்பு ஊசியை ஒரு வாரம் தலையணையில் விட்டால் நாலாவது துருக்கறையும் தயார்.

முடித்த பிறகு ஊசிகளை உடனே பிடுங்கவில்லை, இரண்டு நாள் அப்படியே விட்டேன். நூல் வளைந்த இடத்தில் வளையப் பழகட்டும். முனைகளை ஜோடி ஜோடியாக மூன்று சுற்று முடிச்சுப் போட்டு, ஒரு விரல் நீளம் விட்டு வெட்டினேன். ஒட்ட நறுக்கும் ஆசை வரும். லினன் விறைப்பான நூல், உலர்ந்தபடி போட்ட முடிச்சு சும்மா நெகிழ்ந்துவிடும். ஒரு தடவை நனைந்து காய்ந்தால்தான் முடிச்சு இறுகி உட்காரும். ஒட்ட வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

இப்போது நிறம். என் நூல் அரை வெளுப்பு, சாம்பல் கலந்த மணல் நிறம். பழையது பால் ஆடை நிறம். பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்டது பத்தடி தூரத்தில் தெரியும். "டீத்தண்ணியில முக்கு" என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த மூன்று விசிறித் துண்டில் ஒரு விசிறியை முக்கிப் பார்த்தேன். மணல் நிறம் சேற்று நிறம் ஆனது. அதைப் போர் தண்ணீரில் அலசினேன், வேண்டுமென்றே. டீயின் துவர்ப்பும் தண்ணீரின் இரும்பும் சேர்ந்து ஊதாக் கறுப்பாகிவிட்டது. மை தயாரிக்கிற வழி அது. மேலும் எனக்கு வேண்டியது கருமை ஏற்றுவது இல்லை, சாம்பலைக் கழிப்பது. நீலம் போட்டாலும் அதே கோளாறு: சாம்பல் இன்னும் குளிரும்.

மிச்சம் இருந்தது வெயில். பின்வாசலில் கொஞ்சம் புல் உண்டு. புதிய ரேந்தையை நனைத்து, கொசுவலையில் வைத்து, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை புல்லின் மேல். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பு. காய்ந்துபோனால் வெளுப்பு நின்றுவிடும். ஹாலந்தில் ஹார்லெம் ஊரைச் சுற்றி இருந்த வெளுப்பு வயல்களில் ஐரோப்பாவின் லினன் இப்படித்தான் மாதக்கணக்கில் புல்லில் கிடந்தது. சாம்பல் காரத்தில் ஊறப்போடுவது, புல்லில் விரிப்பது, மறுபடி காரம். கடைசியில் காரத்தை முறிக்க மோரில் ஊறப்போடுவது. ஆமாம், புளித்த மோர்! 1750-களில் பிரான்சிஸ் ஹோம் என்ற எடின்பரோ மருத்துவர் மோருக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய பிறகுதான் வாரக்கணக்கில் கிடந்த அந்தப் புளிப்பு வேலை மணிக்கணக்காயிற்று. நான் மோர் வரைக்கும் போகவில்லை. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கறுப்பான மூன்று விசிறித் துண்டின் நனைக்காத பகுதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணில் பட்டது. நாலாம் நாள் காலை எடுத்துப் பழையதன் மேல் வைத்தேன், நிழலில் ஒரு தடவை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குழல் விளக்கில் ஒரு தடவை. போதும். பக்கத்து வீட்டுப் பூனை ஒருமுறை அதன் மேல் நடந்து போனதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

சேர்ப்பது. பழைய ரேந்தையை அரிபட்ட இடத்தில் ஒட்டாமல், நூல் இன்னும் உறுதியாக உள்ள இடம் வரைக்கும் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் நகத்தால் தட்டிப் பார்த்து முடிவு செய்தது. புதியதைப் பழையதன் மேல் வைத்து, துளைக்குத் துளை, சிலந்திக்குச் சிலந்தி பொருந்தும்படி நிறைய ஊசி குத்தினேன். இணைப்பு நேர்க்கோட்டில் போகக்கூடாது. டார்ஷனில் நூல்கள் சாய்ந்து ஓடுகின்றன. நேரே வெட்டித் தைத்தால் கண் அந்தக் கோட்டில் போய் நின்றுவிடும். தலைப்புறத்திலிருந்து, அதாவது துணியோடு சேரும் நேரான ஓரத்திலிருந்து, சாய்வாக இறங்கி, சிலந்தியின் காலைச் சுற்றி, விசிறியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரம் வரை சுற்றுத்தையல் போட்டேன். தைத்தது மெல்லிய பருத்தி நூலில். லினனில் தைத்தால் உறுதியாயிற்றே என்று கேட்பார்கள். அந்த உறுதிதான் வேண்டாம்: யாராவது இழுத்தால் அறுவது என் தையலாக இருக்கட்டும், பாட்டியின் நூலாக இருக்க வேண்டாம். தையல் முடிந்த பிறகு மேலே புதியதன் உபரியையும் அடியில் பழையதன் உபரியையும் தையலை ஒட்டி நறுக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. முதல் பக்கத்தில் ஒரு சிலந்தி கால்வாசி தள்ளி உட்கார்ந்ததைத் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், பிரித்தேன், மறுபடி.

ஓட்டை விசிறியின் துணிப்பின்னல் பகுதியில் இருந்தது, அதுவரை அதிர்ஷ்டம். அங்கே நெடுக்கும் குறுக்குமாகத்தான் நூல் ஓடுகிறது. பழைய நூலிலிருந்து ஒரு இழையைப் பிரித்து, மிகச் சன்னமான ஊசியில் கோத்து, முதலில் ஓட்டைக்கு அப்பால் மூன்று நூல் உள்ளே வரை நெடுக்கே ஆறு ஓட்டம். பிறகு குறுக்கே மேலும் கீழுமாக இழைத்தேன். இழுத்துக் கட்டவில்லை. இழுத்தால் ஓட்டை மூடும், சுற்றியுள்ளது சுருங்கும்.

கடைசி அலசலுக்குப் பிறகு ஊசி குத்தி விரித்துக் காயவைப்பது. இரண்டு தெர்மாகோல் பலகையைச் சேர்த்து ஒட்டி, மேலே கட்டம் போட்ட தாள், அதற்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை, மை ஈரத்தில் ஏறாமல் இருக்க. முதலில் நாலு பக்கத்து நடுப்புள்ளிகள், பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. ஒவ்வொரு விசிறியின் ஒவ்வொரு நுனித் துளைக்கும் ஒரு பித்தளை ஊசி, நூலைக் குத்தாமல் துளைக்குள் மட்டும். ஈரமான லினன் எந்த வடிவத்தில் காய்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ரேந்தையை இஸ்திரி போட வேண்டியதே இல்லை. போட்டால் சிலந்திகள் நசுங்கித் தட்டையாகும். சுருக்குப் பிடித்த மூலைகளில் மட்டும் விசிறிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் விரல் நுனியால் தட்டிச் சரிசெய்தேன். மொத்தம் 600 ஊசிக்கு மேல். முதுகு பிடித்துக்கொண்டது.

கஞ்சி போடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நிச்சயத்துக்கு விரிக்கிறார்கள், விசிறி நிமிர்ந்து நிற்க வேண்டும், போட்டேன். அரிசி மாவு ஒரு தேக்கரண்டி, அரை லிட்டர் தண்ணீர், கண்ணாடி மாதிரி ஆகும் வரை காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டியது. அரிசி மாவுக் கஞ்சியில் துகள் மிக நுண்ணியது என்பதால் ரேந்தைக்கு அதுதான் ஏற்றது. உருளைக்கிழங்கு மாவு துளைகளில் தோல் மாதிரி படியும். ஊசி குத்தி முடித்த பிறகு ஸ்பாஞ்சில் தொட்டு ரேந்தையின் மேல் மட்டும் ஒற்றினேன். காய ஒன்றரை நாள். நடுத்துணியை அரை ஈரத்தில் பின்பக்கமாக இஸ்திரி. ரேந்தையின் தலை துணியிலிருந்து விட்டுப்போயிருந்த இடங்களில் ஊசித் துளைக்கு ஒன்றாகச் சுற்றுத்தையல்.

பிப்ரவரி முதல் வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா விரித்தவுடன் திருப்பிப் போட்டார். பின்னத் தெரிந்தவர்கள் அப்படித்தான், முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. புது மூலையைத் தாண்டிப் போனார். இணைப்பில் கண் நிற்கவில்லை. மூன்றாவது பக்கத்தில் கட்டைவிரல் நின்றது. "இதுதானே நீ வேக வச்ச எடம்?"

"ஆமா பெரியம்மா."

"கொஞ்சம் இறுக்கிட்ட."

நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் விரிப்பு என்னிடமே வந்தது, ஒரு மூலையில் கேசரி நெய்யோடு. கஞ்சி முழுக்கப் போகிற வரை அலசி, ஊசி குத்திக் காயவைத்து, பி.வி.சி. குழாய் ஒன்றின் மேல் துவைத்த பழைய வேட்டியைச் சுற்றி, அதன் மேல் விரிப்பைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கஞ்சி இல்லை, மடிப்பு இல்லை, பிளாஸ்டிக் பை இல்லை. குழாயின் உள்ளே ஒரு சின்னத் துணிப்பை: மிச்சமான 60/2 நூல் ஒரு பாபின், ஊசிக்குத்து வரைபடம், 'வரைபடத்தில் 3 செ.மீ., நனைந்தபின் 2.9' என்று எழுதிய சீட்டு, ஒரு விசிறி கறுத்துப்போன அந்த மூன்று விசிறித் துண்டு.